கையுறைக்குள்ளிருந்து ஒரு 'டிக்'

ஒரு பொத்தான் விரலை எவ்வளவு எதிர்க்க வேண்டும்?
இரண்டு வருடமாக என் சம்பளம்
அந்த ஒரு கேள்விக்குத்தான்.
குறைந்தால் கொழகொழ.
கூடினால் கட்டைவிரல் சீக்கிரமே சலித்துக்கொள்ளும்.
நடுவில் எங்கோ ஒரு 'டிக்'.
அதைத் தேடி நாற்பத்தோரு வில்சுருள்களை
வளைத்து வளைத்து எறிந்தேன்.

"பிள்ளைகளை இது வெல்லுமா?" என்று
ஹெல்சிங்கியிலிருந்து வந்த முதலீட்டாளர் கேட்டார்.
வெல்லுமா என்றார்,
ஏதோ கோட்டையைப் பற்றிக் கேட்பது போல.
தைஸ்தோ எழுந்து வரைபடம் காட்டினான்.
நான் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.
சர்க்கரை போடாத காபி.

சோதனை அறையில் ஆறு பேர்,
பன்னிரண்டு பதிமூன்று வயது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள்
மூச்சைக்கூட மெல்ல விட்டோம்.
ஒன்னி கையில் எடுத்ததும்
திரையை விரலால் தேய்த்தான்.
எதுவும் நகரவில்லை.
"செத்துப்போச்சு" என்று கீழே வைத்தான்.
பொத்தான்கள் அவன் கண்ணிலேயே படவில்லை.
ஹில்லா மரியாதைக்காக நான்கு நிமிடம் ஆடினாள்.
மரியாதையைவிடக் கொடூரமான மதிப்பெண்
எங்கள் தொழிலில் கிடையாது.
வெய்க்கா விலையைக் கேட்டான், பிறகு
"இதில என் ஃப்ரெண்ட்ஸ் யாருமே இல்லையே."

அந்த வாக்கியத்தை யாரோ
பலகையில் எழுதி வட்டம் போட்டார்கள்.
உறைந்த ஏரியில் மீனுக்காகத் துளைத்த ஓட்டை போல இருந்தது அது.
சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம்,
தூண்டில் யாரிடமும் இல்லை.

ஆளுக்கு ஒன்றாக
ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.
மூன்றாம் நாள் தற்செயலாக
அவர்கள் பள்ளி நிறுத்தத்தில் இறங்கினேன்.
தற்செயலாக என்பது
தைஸ்தோவிடம் நான் சொன்னது.

ஔலுவில் ஜனவரி.
மணி இரண்டே முக்கால்,
சூரியன் கல்லாவை எண்ணிக் கடை சாத்தியாயிற்று.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநான்கு.
பேருந்தைக் காணோம்.
வெய்க்காவின் போன் நாற்பது சதவீதம் என்றது,
மறுநொடி கறுத்தது.
குளிரில் அவை அப்படித்தான்,
சொல்லாமல் கொள்ளாமல்.
ஒன்னியின் போனுக்கு உயிர் இருந்தது,
கம்பளி தொட்டால் உணர்வில்லை.
உறையைக் கழற்றினான்.
பத்து எண்ணுவதற்குள் திரும்ப மாட்டிக்கொண்டான்.

அப்போது ஹில்லாவின் கோட்டுக்குள்ளிருந்து
எங்கள் சாம்பல் நிறப் பெட்டி.

டிக்.

சிவப்புக் கம்பளி உறையின் தடித்த கட்டைவிரல்
பொத்தானைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தது.
டிக். டிக்.
குளிரில் திரை மந்தமாகி
ஓட வேண்டியவன் இழுத்து இழுத்து நடந்தான்,
அதற்கே மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
"நான் செத்தேன், இந்தா, நீ."
"தள்ளு, தள்ளு, என் முறை."
மூன்று வாயிலிருந்தும் ஒரே ஆவி.
விளம்பரப் பலகையின் பின்னால்
கால்விரல் மரத்துப்போய் நின்றேன்.
பழக்கதோஷம், நேரம் பார்த்தேன்:
ஒன்பது நிமிடம்.

பேருந்து வந்தது. உள்ளே வெதுவெதுப்பு.
ஜன்னலில் மூன்று முகங்கள்,
மூன்றும் தனித்தனியாக நீலம்.
வெய்க்காவுடையதும் எப்படியோ பிழைத்துவிட்டது.

அறிக்கையில் எழுதினேன்:
வெல்லும்.
மைனஸ் இருபத்துநான்கில், பேருந்து தாமதமானால்.
தைஸ்தோ வாய்விட்டுச் சிரித்தான்.
முதலீட்டாளர் சிரிக்காமல் கேட்டார்,
"வருடத்தில் அப்படி எத்தனை நாள்?"
எண்ணிப் பார்த்துச் சொன்னேன்.
அவர் அதைக் குறித்துக்கொண்டார்,
எதற்கென்று தெரியவில்லை.

பெட்டிகள் திரும்பி வந்தன.
ஐந்தில் விரல்ரேகைகூட அதிகமில்லை.
ஆறாவதில், பொத்தானுக்கும் சட்டத்துக்கும் நடுவே
சிவப்பு நூல் ஒரு இழை.
அளவுகருவியில் வைத்து அழுத்தினேன்,
எதிர்ப்பு மூன்று கிராம் கூடியிருந்தது.
இடுக்கியை எடுத்தேன்.
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.